தொண்டி மணலை மீன்தொட்டியில் போடலாமா?

கேள்வி: காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டு வளவில் இரண்டடி மீன்தொட்டி வைத்திருக்கிறோம். கப்பியும் ஏஞ்சலும் வளர்க்க ஆசை. தொண்டிக்குப் போனபோது பேரன் ஒரு பை கடற்கரை மணல் கொண்டுவந்துவிட்டான். நன்றாகக் கழுவினால் உப்பு போய்விடுமா?

பதில்: உப்பு போய்விடும். அலையில் நனைந்த ஒரு லிட்டர் மணலில் ஏறக்குறைய 14 கிராம் உப்புதான் இருக்கும். நாலைந்து தடவை அலசினாலே தீர்ந்தது. போகாதது கிளிஞ்சல். உங்கள் வீட்டுச் சுவரில் பளிங்கு மாதிரி மின்னும் பூச்சு, கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பில் வந்தது. அதே கிளிஞ்சல் பொடிப்பொடியாக இந்த மணலிலும் கலந்திருக்கும். தொட்டியில் அது மெல்லக் கரைந்து, தண்ணீரைக் கடினமாக்கி, பி.எச். எனும் அமில-கார அளவை 8 வரை ஏற்றிவிடும். மழைத்தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றினால் இன்னும் வேகமாகக் கரையும். அவற்றில் சுண்ணாம்பே இல்லை அல்லவா?

கப்பி, மோலி, பிளாட்டிக்கு இந்தத் தண்ணீர் பிடிக்கும். ஏஞ்சல் ஓரளவு தாங்கும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் வளர்ப்பதாக இருந்தால் இந்த மணல் வேண்டாம்.

எவ்வளவு கிளிஞ்சல் என்று முதலில் பார்த்துவிடுங்கள். கழுவிக் காயவைத்த மணல் இரண்டு கரண்டியைக் கண்ணாடி டம்ளரில் போட்டு, மூழ்கும் அளவு வினிகர் ஊற்றுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக முத்துமுத்தாகக் குமிழி எழும்பினால் கிளிஞ்சல் கொஞ்சம்தான். சோடா போல நுரைத்தால் நிறைய. வினிகரில் ஊறவைத்தே கிளிஞ்சலைக் கரைத்துவிடலாமே என்று தோன்றும். 100 கிராம் கிளிஞ்சல் கரைய 5 சதவீத வினிகர் ஏறத்தாழ 2.4 லிட்டர் வேண்டும். ஒரு பை மணலுக்குக் கட்டுப்படியாகாது.

இரண்டாவது சோதனைக்கு ஒரு வாரம் ஆகும், ஆனால் நம்பகமானது. ஒரு வாளியில் ஒரு பங்கு மணலும் மூன்று பங்கு தண்ணீரும், இன்னொன்றில் வெறும் தண்ணீரும் வையுங்கள். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரால் முதல் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை தினமும் பாருங்கள். மறுநாளே மணல் வாளியில் அளவு எகிறினால் உப்பு மிச்சமிருக்கிறது. திரும்ப அலச வேண்டும். நாளுக்கு நாள் கொஞ்சமாக ஏறினால் அது சுண்ணாம்பு.

தொட்டி 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் என்றால் 3 செ.மீ. உயரத்துக்கு எட்டு முதல் ஒன்பது கிலோ காய்ந்த மணல் போதும். சலிப்பதிலும் அலசுவதிலும் குறையும் என்பதால் பதினொன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய சிப்பிகளைச் சல்லடையில் நீக்கி, வாளியில் பாதி மணல் போட்டு, குழாயை அடிவரை விட்டுக் கையால் கிளறுங்கள். தொண்டி இருக்கும் பாக் விரிகுடாக் கரை மணலில் வண்டலும் கடற்புல் துணுக்கும் அதிகம். அவை மேலே மிதந்து வழிய வேண்டும். வழியும் தண்ணீர் தெளிகிறவரை விடாதீர்கள். சோப்பு கூடவே கூடாது. பிறகு மூன்று நாள் நல்ல வெயிலில் பரப்புங்கள். உள்ளே செத்த புழு, சிப்பிச் சதை மிச்சமிருந்தால் தொட்டியில் அழுகி அம்மோனியா கிளம்பும், அதில் மீன் சாகும். காய்ந்த மணலை முகர்ந்து பாருங்கள். கவிச்சி அடித்தால் இன்னொரு முறை அலசிக் காயவையுங்கள்.

தொட்டியில் அடித்தட்டு ஃபில்டர் இருந்தால் மணல் போடாதீர்கள், துவாரங்கள் அடைத்துக்கொள்ளும். மோட்டார் ஃபில்டர் என்றால் உறிஞ்சும் வாய் மணலுக்கு 5 செ.மீ. மேலேயாவது இருக்கட்டும், உள்ளே சுழலும் காற்றாடியை மணல் அரித்துவிடும். தண்ணீர் ஊற்றும்போது மணல்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் ஊற்றுங்கள். ஓரிரு நாள் கலங்கல் இருப்பது இயல்பு.

5 செ.மீ.க்கு மேல் மணல் போனால் அடியில் காற்று சேராது. கண்ணாடி ஓரம் கருப்புத் திட்டு தெரியும், கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்த வாயு மீனுக்கு விஷம். வாரம் ஒருமுறை குச்சியால் மேலாகக் கிளறினால் இந்த நிலை வராது.

இந்த ஒரு பையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் கடற்கரையில் மணல் தோண்டி எடுப்பதைத் தடுக்கின்றன. பவளத் துண்டு கிடந்தாலும் எடுக்கக் கூடாது. அது வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. அடுத்த முறைக்குத் தண்ணீர் சுத்திகரிப்புப் பொருள் விற்கும் கடையில் 0.5 முதல் 1 மி.மீ. சிலிக்கா ஃபில்டர் மணல் கேளுங்கள். அதில் கிளிஞ்சல் தொல்லை இருக்காது, ஏஞ்சலுக்கும் ஏற்றது. எம்-சாண்ட் வேண்டாம்; முனை கூர்மை, அடிமேயும் மீன்களின் மீசையைக் கிழிக்கும்.