அம்புத் தண்டைச் சீவ எந்தக் கருவி? ஒரு ஓடாவியின் பதில்கள்

கல்லடியில் 30 வருடமாக மரவேலை செய்கிறேன். கதவு, யன்னல், கட்டில் என்று ஓடிய கை, 9 வருடத்துக்கு முன் மர அம்பிலும் இறங்கியது. தண்டு சீவுவது பற்றிக் கேட்கச் சொன்னேன். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு பக்கமிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. அளவை நூலில்தான் சொல்வேன்; 8 நூல் ஒரு அங்குலம்.

ஆரையம்பதி: அண்ணே, நுனியைச் சீவப் பிள்ளையின் பென்சில் கட்டர் காணுமா?

காணாது தம்பி. தண்டில் இரண்டு கூம்பு இருக்கிறது. இரும்பு முனை ஏறுகிற கூம்பு 5 பாகை. நாணைக் கவ்வும் நொக் ஏறுகிற கூம்பு 11 பாகையும் சொச்சமும். தடித்த பென்சில் போகிற துவாரமுள்ள கட்டர் நொக் பக்கத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். முனைப் பக்கத்துக்கு ஒருநாளும் பொருந்தாது, அது மொட்டையாகச் சீவும். மொட்டைக் கூம்பில் முனை ஏறினால் ஒரு வளையத்தில்தான் பிடிக்கும். இலக்கில் அடித்ததும் முனை சரியும், பின்னால் தண்டு பிளக்கும்.

சந்தேகம் இருந்தால் முனையின் உட்புறத்தில் விளக்குக் கரியைப் பூசி, கூம்பில் ஏற்றி ஒருக்கால் கிறுக்கிவிட்டு, அதாவது சுற்றிவிட்டு, கழற்றிப் பாருங்கள். கூம்பு முழுக்கக் கரி ஒட்டியிருந்தால் கோணம் சரி. ஒரு வட்டம் மட்டும் கறுத்திருந்தால் பிழை. அம்புக்கென்றே இரண்டு துவாரத்தோடு வரும் கட்டர் வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கலாம். அலகு கூராக இருக்கும்வரை நல்ல சாமான். அலகு மழுங்கினால் மரத்தைச் சீவாது, பிய்க்கும்.

சம்மாந்துறை: என்னிடம் டிஸ்க் சாண்டர் இருக்கிறது. அதில் 5 பாகையை எப்படிப் பிடிப்பது? பாகைமானி இல்லை.

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. பாகைமானி தேவையில்லை, அடிமட்டம் காணும்.

மேசையில் ஒரு பலகையை இறுக்குங்கள். சாண்டரில் சாண்ட் பேப்பர் ஒட்டிச் சுழலும் தட்டின் முகத்துக்குச் சமாந்தரமாக அதில் ஒரு கோடு. அந்தக் கோட்டில் 10 அங்குலம் அளந்து, அங்கிருந்து தட்டுக்கு எதிர்ப்பக்கம் 7 நூல் தள்ளி ஒரு புள்ளி. தொடக்கத்தையும் புள்ளியையும் சேர்த்தால் 5 பாகை. நொக்குக்கு 10 அங்குலத்துக்கு 2 அங்குலம் தள்ளுங்கள், 11 பாகையும் சொச்சமும் வரும். அந்தக் கோட்டின் வழியே தண்டு போக ஒரு தவாளிப்பு வெட்டுங்கள். நுனி போய் முட்ட ஒரு சிறிய கட்டை அடித்துவிட்டால் எல்லாக் கூம்பும் ஒரே நீளம் வரும்.

தட்டு கீழ்நோக்கி ஓடும் பக்கத்தில்தான் வேலை. தண்டை விரலால் கிறுக்கத் தொடங்கிய பிறகே தட்டில் தொட வேண்டும். தொட்ட பிறகு கிறுக்கினால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும், மறுகா எவ்வளவு உரசினாலும் முனை கோணலாகவே நிற்கும்.

ஏறாவூர்: காக்கா, ஸ்கூல் கட்டர் போதுமா?

ஆரையம்பதித் தம்பிக்குச் சொன்னதுதான்.

களுவாஞ்சிகுடி: வால் பக்கத்தை நீளமாக ஒடுக்குகிறார்களே, அது எதற்கு? ட்ரில்லில் செய்யலாமா?

இறகு இருக்கும் பக்கத்தில் பாரம் குறையும், நிறை முன்னுக்குப் போகும். விட்டவுடன் அம்பு நெளியும் அல்லவா? அந்த நெளிவு கெதியாக அடங்கும், வால் வில்லில் உரசாமல் கடக்கும். இரண்டே முக்கால் நூல் தண்டை, கடைசி 9 அங்குலத்தில் மட்டும் இரண்டரை நூலுக்குக் கொண்டுவர வேண்டும். மொத்தமே கால் நூல் வித்தியாசம்.

ட்ரில்லில் செய்யலாம். ட்ரில் கவ்வுகிற இடம் நசியும், ஆகவே ஒரு அங்குலம் கூட விட்டுப் பிறகு வெட்டுங்கள். மூன்று மூன்று அங்குலத்துக்குப் பென்சிலால் அடையாளம். 80 ஆம் இலக்க சாண்ட் பேப்பரை மடித்துப் பிடித்து முதலில் 9 அங்குலம் முழுக்க 10 தரம், மறுகா கடைசி 6 அங்குலம் 10 தரம், கடைசி 3 அங்குலம் 10 தரம். அளந்து பார்த்துத் திரும்பவும் அதே ஒழுங்கு. நீளத் தண்டு சாட்டை மாதிரி அடிக்கும்; நடுவில் துவாரமிட்ட கட்டை ஒன்றுக்குள்ளால் விட்டு, வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். கையுறை போடக் கூடாது, சுற்றிக்கொண்டால் விரலையும் இழுக்கும். சாரனோடு நிற்கவும் வேண்டாம்.

முழு நீளத்தையும் ஒடுக்க வேண்டாம். விட்டத்தின் நாலாம் அடுக்கில் விறைப்பு குறையும். இரண்டே முக்காலை முழுக்க இரண்டரை ஆக்கினால் விறைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சீவி முடித்து விறைப்பை அளந்து பாருங்கள். 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கி, நடுவில் 2 இறாத்தல், அதாவது 907 கிராம். 26ஐ, தண்டு தொய்ந்த அங்குலத்தால் வகுத்தால் எத்தனை இறாத்தல் இழுவையுள்ள வில்லுக்கு ஆகும் என்று வரும். 4 நூல் தொய்ந்தால் 52 இறாத்தல்.

நாணில் வைக்கும் முன் ஒவ்வொரு முறையும் தண்டை முகத்துக்கு விலக்கிப் பிடித்து, இலேசாக வளைத்து, வெடிப்புச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

கல்முனை: கார்பன் தண்டை வெட்ட எது நல்லது?

நான் மரக்காரன். கார்பன் வேலை செய்பவரிடம் கேளுங்கள்.

வாகரை: என் அம்மப்பா வேடர் வழி. வினாங்குத் தடியைக் கத்தியால் சீவித்தான் அம்பு செய்தார். இந்தப் பாகை, மெஷின் ஒன்றும் அவருக்குத் தெரியாது. அம்பு நேராகத்தான் போனது.

அந்தக் கைக்கு நான் தலை வணங்குகிறேன் ஐயா. ஒன்று மட்டும்: இரும்பின் வாலைத் தண்டுக்குள் செருகிக் கட்டுகிற அம்புக்குக் கூம்பே தேவையில்லை. தொப்பி மாதிரி மேலே ஏறும் முனைக்குத்தான் இந்த 5 பாகை.

கொக்கட்டிச்சோலை: அப்ப கத்திதான் மூத்த கருவி. ஏன் மெஷினை முன்னுக்குச் சொன்னீங்க?

கடையில் உருட்டி வைத்த தடியை வாங்குகிறவர்கள்தான் கூடக் கேட்டார்கள், அதனால். ஆனால் உங்கள் இரண்டு பேரிடமும் உள்ள உண்மையை மறைக்க மாட்டேன். கத்தி நாரோட்டத்தைச் சொல்லும். நார் கோணலாக ஓடினால் அலகு உள்ளே இறங்கும், கை உடனே அறியும். சாண்ட் பேப்பருக்கு அது தெரியாது. கோணல் நாரையும் பளபளவென்று உருட்டித் தரும்.

எனக்கு நடந்தது அப்படித்தான். அழகான தண்டு, மெஷினில் சீவியது. பக்கத்தில் ஒரு கோடு சரிந்து வெளியேறியதை நான் பார்க்கவில்லை. நாணை விட்டதும் முறிந்து, ஒரு சிராய் இடது கையின் பெருவிரல் அடியில் இறங்கியது. இன்றைக்கும் உளி பிடிக்கும்போது அந்த இடம் விறைக்கும்.

காத்தான்குடி: கத்தியால் சீவினால் 12 அம்பும் ஒன்றுபோல வருமா? வராதே.

வராது. ஒரே நிறை, ஒரே விறைப்பில் 12 வேண்டுமென்றால் கூம்புக்கு மெஷின், ஒடுக்கத்துக்குத் தவாளிப்புப் பலகையும் சீவுளியும்.

வாகரை: அம்மப்பா 12 அம்பு வைத்திருக்கவில்லை. மூன்றுதான். ஒவ்வொன்றும் எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியும்.

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. மெஷின் வைத்திருப்பவர்களும் முதல் தண்டையாவது கத்தியால் சீவிப் பாருங்கள். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கை படிக்கட்டும், மறுகா கருவி வாங்கலாம்.

பாண்டிருப்பு: திரௌபதை அம்மன் கோயில் பக்கத்துப் பிள்ளைகள் கூத்துப் போடுகிறார்கள். அருச்சுனனுக்கு அம்பு வேண்டும்.

கூம்பும் வேண்டாம், இரும்பும் வேண்டாம். நுனியில் துணி சுற்றிப் பந்து மாதிரிக் கட்டுங்கள். நாணில் வைத்து இழுக்க மட்டும், விடக் கூடாது.

அக்கரைப்பற்று: பென்சில் கட்டரில் சீவினால் என்ன?

மூன்றாவது தரம் இது. முனைப் பக்கத்துக்கு வேண்டாம். மேலே வாசியுங்கள்.

பொத்துவில்: முயலுக்கு எந்த முனை நல்லது?

வேட்டைக்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வைக்கோல் இலக்கு காணும்.

வாழைச்சேனை: மாரியில் தண்டெல்லாம் வளைந்துவிட்டது. கூம்பு வெட்டலாமா?

இப்போது வேண்டாம். ஈரத்தில் வெட்டிய கூம்பு கச்சான் காற்றுக் காலத்தில் காய்ந்து சுருங்கும், முனை ஆடும். தண்டை அடுப்புக்கு மேலே நெருப்புப் படாமல் சூடாக்கி, வளைந்த இடத்தைக் கையால் நிமிர்த்தி ஆறும்வரை பிடியுங்கள். படுக்கையாகக் கட்டி உள்வீட்டில் வையுங்கள், சுவரில் சாய்க்க வேண்டாம்.

திருக்கோவில்: வளைத்துப் பார்த்தபோது ஒரு தண்டில் மெல்லச் சத்தம் கேட்டது. வெடிப்புத் தெரியவில்லை. பசை விட்டுப் பாவிக்கலாமா?

வேண்டாம். இன்றைக்கே முறித்து அடுப்பில் வையுங்கள். முறிக்காமல் மூலையில் போட்டால், அந்தச் சத்தத்தைக் கேட்காத ஒருவர் அதை எடுத்து நாணில் வைப்பார்.