.22 ஹார்னெட் தோட்டாவை இன்னும் ஏன் விரும்புகிறார்கள்? அதைவிட வேகமான .223 தோட்டா இருக்கிறதே?

வேகத்தில் .223-ஐ ஹார்னெட் எட்டவே முடியாது. ஆனால் பண்ணை ஓரத்தில் நரியையோ வுட்சக்கையோ (வளை தோண்டும் பெரிய அணில் இன விலங்கு) 150 மீட்டருக்குள் சுட அந்த வேகம் தேவையில்லை. 45 கிரெய்ன் (சுமார் 2.9 கிராம்) எடையுள்ள குண்டு நொடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் கிளம்பும். வெடிமருந்து .223-க்கு ஆவதில் ஏறக்குறையப் பாதிதான். அதனால் சத்தம் குறைவு, உதைப்பு இல்லையென்றே சொல்லலாம், குழலும் நீண்ட நாள் உழைக்கும்.

1920களின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையைச் சேர்ந்த சிலர், கரிமருந்துக் காலத்து .22 டபிள்யூசிஎஃப் என்ற பழைய தோட்டாவின் கூட்டை (மருந்தும் குண்டும் அடங்கும் உலோக உறையை) வைத்து இதை உருவாக்கினார்கள். 1930-இல் வின்செஸ்டர் தோட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்க விமானிகளுக்கு முன்பு தரப்பட்ட எம்6 உயிர்காப்புத் துப்பாக்கியிலும் இதற்கு ஒரு குழல் இருந்தது.

தொல்லையெல்லாம் மறுநிரப்பலில்தான், அதாவது சுட்ட கூட்டில் மீண்டும் மருந்தும் குண்டும் நிரப்புவதில்தான். கூட்டின் சுவர் மெல்லியது. குண்டு கொஞ்சம் கோணலாக இறங்கினாலே கழுத்து நசுங்கும். வாயின் உள்விளிம்பைச் சீவிவிட்டால் இது குறையும். இன்னொன்று: துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையில், கூடு தன் அடி விளிம்பைப் பிடித்து நிற்கிறது. சுடும்போது கூட்டின் தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) முன்னே தள்ளப்படும்; ஒவ்வொரு முறையும் கூடு முழுவதையும் பழைய அளவுக்கு அச்சில் அழுத்தினால் உலோகம் நீண்டு, அடிக்குச் சற்று மேலே விரிசல் விழும். அதே துப்பாக்கிக்கென்றால் கழுத்தை மட்டும் அழுத்துங்கள்.

பழைய துப்பாக்கிகளில் குழலை அளக்காமல் குண்டு வாங்காதீர்கள். சிலவற்றுக்குக் குண்டின் விட்டம் .223 அங்குலம், பிந்தியவற்றுக்கு .224 (இந்த .223 விட்ட அளவு, தோட்டாவின் பெயரல்ல). குண்டைச் சுழலவைக்கும் குழல் உள்வரிகளின் முறுக்கும் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதால், 55 கிரெய்ன் நீளக் குண்டு நிலைகொள்ளாமல் இலக்கில் பக்கவாட்டில் விழலாம்.