வீட்டுக்கு ஒரு லப்டொப்: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை: வீட்டுப் பாவனைக்குக் குறைந்த விலையில் எந்த லப்டொப் வாங்கலாம்? பதில்களில் ஒரு கருத்து திரும்பத் திரும்ப வரும் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் இருப்பவர் லப்டொப் பழுதானால் பஸ் ஏறி பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் அன்றே திரும்பிவிடுவார். நமக்கு அது ஓர் இரவு ரயில் பயணம். அதனால் வாங்கும் விலையை மட்டும் பார்க்காதீர்கள். நம் ஊரிலேயே கழற்றித் திருத்தலாமா, பாகம் மாற்றலாமா என்றும் பாருங்கள்.

மகள் உயர்தரத்துக்குப் போகிறாள், ஐசிடி ஒரு பாடம். கையில் ஒரு இலட்சம் ரூபாய் இருக்கிறது. ஒரு கடையில் புத்தம் புதிய செலரோன், 4 ஜிபி ரேம். இன்னொரு கடையில் பாவித்த ஐ7, ஆறாம் தலைமுறை, விலையும் குறைவு. வீட்டில் புதியதுதான் வேண்டும் என்கிறார்கள். எதை வாங்குவது? (கிண்ணியா)

நானா, இரண்டும் வேண்டாம்.

முதலில் அந்தப் புதியதைப் பார்ப்போம். செலரோன் இன்டெலின் மலிவுச் சிப், அதாவது லப்டொப்பின் மூளை. என்4020, என்4500 போன்றவற்றில் வேலை செய்யும் கோர்கள் (மூளையின் தனித்தனிப் பகுதிகள்) இரண்டேதான். ரேம் என்பது ஓடும் வேலைகளை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம். விண்டோஸ் 11க்கு மைக்ரோசொப்ட் சொல்லும் ஆகக் குறைந்த அளவு 4 ஜிபி. ஆனால் அது இயங்குவதற்கான அளவு, வேலை செய்வதற்கான அளவு அல்ல. ஸூம் வகுப்பு ஒரு பக்கம், பிரவுசரில் நான்கு பக்கம் திறந்திருந்தால் பிள்ளை காத்திருந்தே களைத்துப்போவாள். இந்த மலிவு மொடல்கள் பலவற்றில் கோப்புகளைச் சேமிக்க எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்குக்குப் பதிலாக 64 ஜிபி இஎம்எம்சி என்ற மலிவுச் சேமிப்புச் சிப் இருக்கும். அது போர்டோடு ஒட்டி வருவது, மாற்ற முடியாது. விண்டோஸ் அப்டேட் இரண்டு தடவை வந்தாலே இடம் நிறைந்துவிடும். பெட்டியில் 'ஸ்டோரேஜ்' என்று மட்டும் இருந்தால் எஸ்எஸ்டியா இஎம்எம்சியா என்று வாய் திறந்து கேளுங்கள்.

அடுத்தது அந்த ஐ7. ஐ3, ஐ5, ஐ7 என்ற இன்டெல் சிப்பின் பெயரைவிடத் தலைமுறைதான், அதாவது அது எந்தக் காலத்தில் வந்தது என்பதுதான், முக்கியம். ஐ7-6600யூ என்பதில் கோட்டுக்குப் பின்னால் வரும் 6 ஆறாம் தலைமுறையைக் குறிக்கிறது, கோர்கள் இரண்டு. ஐ5-8250யூ எட்டாம் தலைமுறை, கோர்கள் நான்கு. 2017இல் வந்த அந்த எட்டாம் தலைமுறையில்தான் சாதாரண லப்டொப் சிப்களின் கோர்களை இன்டெல் இரட்டிப்பாக்கியது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசொப்ட் ஏற்றுக்கொள்ளும் பட்டியலும் ஏறக்குறைய அங்கிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. ஆறாம் தலைமுறைக்கும் சில கடைகளில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருவார்கள். ஓடும், ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசொப்ட் உறுதி தருவதில்லை. மகள் இன்னும் பல வருடம் பாவிக்கப்போகிற மெஷினுக்கு அந்த அடித்தளம் போதாது.

நான் சொல்வது, பாவித்த எட்டாம் தலைமுறை ஐ5 ஒன்றைத் தேடுங்கள். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. கம்பனிகள் பாவித்துக் கழித்த டெல் லட்டிட்யூட் 5490, எச்பி எலைட்புக் 840 ஜி5, லெனோவோ திங்க்பேட் டி480 மூன்றும் இந்த வகைதான். மூன்றிலும் ரேம் போட இரண்டு ஸ்லொட் உண்டு. கீபோர்ட், பட்டரி எல்லாம் தனித்தனியாக வாங்கி மாற்றலாம். உயர்தர ஐசிடியில் வரும் பைத்தனுக்கும் தரவுத்தளப் பாடத்துக்கும் இது தாராளம்.

காசு கொடுக்கும் முன் கடையிலேயே அரை மணித்தியாலம் உட்காருங்கள். ஒரு வெற்று ஆவணத்தைத் திறந்து எல்லா எழுத்தையும் அழுத்திப் பாருங்கள். மூடியை மெல்லத் திறந்து மூடி, கீல் முறுகுகிறதா என்று பாருங்கள். கமராவில் உங்கள் முகம் தெரிகிறதா, வைஃபை பிடிக்கிறதா? அப்புறம் பட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், விண்டோஸிலேயே அந்த வசதி இருக்கிறது. அதில் 'டிசைன் கெபாசிட்டி', 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' என்று இரண்டு எண் வரும். இரண்டாவது முதலாவதில் பாதிக்குக் கீழே இருந்தால் பட்டரி மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். மெஷினை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் திறக்கும் முன் வரும் அமைப்புத் திரையான பயோஸுக்குள் போகும்போது பாஸ்வேர்ட் கேட்டால் வாங்காமல் எழுந்து வந்துவிடுங்கள். பழைய கம்பனி போட்ட பூட்டு அது, பிறகு நீங்கள்தான் அலைய வேண்டும்.

வீட்டில் புதியதுதான் வேண்டும் என்று நின்றால், இன்னும் கொஞ்சம் சேர்த்து ஐ3-1215யூ பக்கம் போங்கள். அது பன்னிரண்டாம் தலைமுறை, ஆறு கோர். பத்தாம் தலைமுறையிலிருந்து முதல் இரண்டு இலக்கமும் சேர்ந்துதான் தலைமுறையைச் சொல்லும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை நான். வெளிநாட்டிலுள்ள பேரப்பிள்ளைகளோடு வீடியோ கோல், பத்திரிகை வாசிப்பு, இவ்வளவுதான். லப்டொப் தேவையா? (ஓர்ஸ் ஹில்)

தேவையில்லை டீச்சர். பத்து அங்குல டெப்லெட் ஒன்றும், அதை நிமிர்த்தி வைக்க ஒரு ஸ்டாண்டும் போதும். கடிதம், கணக்கு என்று நிறையத் தட்டச்சு செய்வதாக இருந்தால் மட்டும் லப்டொப்பை யோசியுங்கள்.

கடற்கரையோரம் சிறிய விருந்தினர் இல்லம் நடத்துகிறோம். எந்த லப்டொப் வாங்கினாலும் இரண்டு வருடம் தாண்டுவதில்லை. உப்புக்காற்றைத் தாங்கும் மொடல் இருக்கிறதா? (நிலாவெளி)

உப்புக்கென்றே செய்த மலிவு லப்டொப் கிடையாது. ஆனால் இரண்டு வருடம் மிகவும் குறைவு, அதைக் கூட்டலாம்.

உங்கள் பக்கமிருந்து வரும் லப்டொப்பின் அடிமூடியைக் கழற்றும்போது உள்ளே தெரிவதைச் சொல்கிறேன். ஸ்க்ரூக்களின் தலை துருவேறி, ஸ்க்ரூ டிரைவர் பிடிக்காமல் வழுக்கும். யூஎஸ்பி வாயின் ஓரம் பச்சை பூத்திருக்கும். காற்றாடிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசு, நூல், பொடிமணல் எல்லாம் ஈரத்தோடு சேர்ந்து கம்பளித் துண்டு போல ஒரு படையாக அடைத்திருக்கும். சூடு வெளியேற வழியில்லாமல் மெஷின் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. 'ஸ்லோ' என்று கொண்டுவருவது பல தடவை இதுதான்.

உப்புத் துகள் தனியாக இருந்தால் பெரிய ஆபத்து இல்லை. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டும்போது அது ஈரத்தை இழுத்துக் கரைந்து, மின்சாரம் கடத்தும் நீராகிவிடுகிறது. அரிப்பு அப்போதுதான் வேகமெடுக்கும். அதனால் லப்டொப்பை விறாந்தையிலோ கடலைப் பார்த்த யன்னலோரத்திலோ வைக்க வேண்டாம். வேலை முடிந்ததும் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டிக்குள், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ஏசி அறையிலிருந்து நேரே வெளியே கொண்டுபோய்த் திறக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் நம் காற்று பட்டவுடன் வியர்க்கும், அது போர்டிலும் வியர்க்கும். ஆனால் பல நாள் ஓடாமல் பூட்டி வைத்த மெஷின்தான் முதலில் கெடுகிறது. தினமும் கொஞ்ச நேரம் ஓடினால் அந்தச் சூட்டிலேயே உள்ளே காயும். வருடத்துக்கு ஒரு தடவை, கச்சான் காற்று ஓய்ந்த பிறகு, திறந்து துப்புரவாக்குங்கள்.

முன்பதிவு, மின்னஞ்சல், பில் மட்டும்தான் வேலை என்றால் இன்டெல் என்100 சிப் உள்ள, காற்றாடி இல்லாத மொடல் ஒன்றைப் பாருங்கள். உள்ளே இழுக்கும் காற்று குறைவு, உப்பும் குறைவு. அவற்றில் ரேம் பெரும்பாலும் போர்டோடு ஒட்டியிருக்கும். ஆகவே வாங்கும்போதே 8 ஜிபி இருக்க வேண்டும்.

பிரான்ஸிலிருந்து சித்தப்பா லப்டொப் கொண்டுவருகிறேன் என்கிறார். இங்கே வேலை செய்யுமா? (உப்புவெளி)

செய்யும். லப்டொப் சார்ஜர்கள் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், நம் வீட்டு மின்சாரம் 230. சுவரில் செருகும் வயரை மட்டும் இங்கே வாங்கி மாற்றினால் சரி. தயவுசெய்து மூன்று முள் வயராக எடுத்து, எர்த் உள்ள பிளக்கில் போடுங்கள். எர்த் இல்லாவிட்டால் உலோக உடல் உள்ள லப்டொப்பைத் தொடும்போது கையில் சுர்ரென்று ஓடும்.

பிரச்சினை கீபோர்டில்தான். பிரெஞ்சு கீபோர்டில் 'க்யூ' இருக்கும் இடத்தில் 'ஏ' இருக்கும், எண் அடிக்க ஷிஃப்ட் பிடிக்க வேண்டும். சுவிஸ், ஜேர்மனியிலிருந்து வந்தால் 'ஒய்'யும் 'இஸட்'டும் இடம் மாறியிருக்கும். விண்டோஸில் ஆங்கில அமைப்புக்கு மாற்றலாம், ஆனால் விசையில் அச்சடித்திருப்பது மாறாது. பாடசாலையில் வேறு கீபோர்டில் பழகும் பிள்ளைக்கு இது வீண் குழப்பம். சித்தப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், லண்டன், கனடாப் பக்கத்து ஆங்கிலக் கீபோர்ட் மொடல் கிடைத்தால் நல்லது. உத்தரவாதம் இலங்கையிலும் செல்லுமா என்பதையும் வாங்கும் இடத்திலேயே எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

ரைசன் 5 7520யூ என்று ஒன்று பார்த்தேன். 7000 வரிசை என்றால் புதுசுதானே? (கோணேசபுரி, மாணவர்)

தம்பி, ரைசன் என்பது இன்டெலுக்குப் போட்டியாக ஏஎம்டி செய்யும் சிப். அந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பார். 2 என்றால் ஸென் 2, அது 2019இல் வந்த வடிவமைப்பு. 7530யூ என்றால் ஸென் 3. வளாகத்து வேலைக்கு 7520யூ மோசமில்லை. ஆனால் அதில் ரேம் போர்டோடு ஒட்டியதுதான், பிறகு கூட்டலாம் என்று நினைத்து வாங்காதே.

கடையில் விண்டோஸ், ஒபிஸ் எல்லாம் இலவசமாகப் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். நல்லதுதானே? (தம்பலகாமம்)

நல்லதில்லை. திருட்டு ஒபிஸைத் திறக்கும் அந்தச் சின்ன மென்பொருளைப் போடுவதற்கு முதலில் வைரஸ் பாதுகாப்பை நிறுத்துவார்கள். அதோடு வேறென்ன உள்ளே வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதே லப்டொப்பில்தான் நீங்கள் வங்கிக் கணக்கையும் திறக்கப்போகிறீர்கள். பாவித்த கம்பனி லப்டொப்களில் பெரும்பாலும் அசல் விண்டோஸ் உரிமம் மெஷினோடே வரும், அதையே போடச் சொல்லுங்கள். கடிதம், கணக்குக்கு லிப்ரேஒபிஸ் இலவசம். தமிழுக்கும் தனியாக எதுவும் வாங்க வேண்டாம், தமிழ்99 என்ற தமிழ் கீபோர்ட் அமைப்பு விண்டோஸிலேயே இருக்கிறது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் பழகியவர்கள் ஒரு மாதம் சிரமப்பட்டாவது எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோட் முறைக்கு மாறிவிடுங்கள். பாமினியில் அடித்தது அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

இடி மின்னல் காலத்தில் யூபிஎஸ் வேண்டுமா? (மூதூர்)

லப்டொப்புக்கு அதன் பட்டரியே போதும். இடி கேட்டால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ரவுட்டரையும், அதற்கு வரும் தொலைபேசி வயரையும் மறக்க வேண்டாம், மின்னல் அந்த வழியாகவும் வரும். ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் இதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

2014இல் வாங்கிய லப்டொப் திறக்கவே பத்து நிமிடம் எடுக்கிறது. எறிந்துவிட்டுப் புதியது வாங்கவா? (குச்சவெளி)

எறியாதீர்கள். அந்த வருடத்து மெஷின் என்றால் உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கும். அதைக் கழற்றி 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால் வித்தியாசம் முதல் நாளே தெரியும். விண்டோஸ் 11 அதற்குச் சரிவராது, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம். பிரவுசர், யூடியூப், கடிதம், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவப் பாடங்கள் எல்லாம் அதில் நடக்கும். கழற்றிய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு யூஎஸ்பி உறை வாங்கிப் போட்டு, குடும்பப் படங்களை அதில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பழைய டிஸ்க் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது, ஆகவே இன்னொரு பிரதி எஸ்எஸ்டியிலும் இருக்கட்டும்.