நண்பர்களோடு சேர்ந்து கற்பனை நகரம் ஒன்றை உருவாக்குகிறோம். ஒருவர் மட்டும் மற்றவர்கள் எழுதியதை மாற்றிக்கொண்டே இருக்கிறார். அவரை நீக்கிவிடலாமா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்வியில் வரும் அந்த நண்பர் இருக்கிறாரே, எங்கள் குழுவில் அது நான்தான்.

நீங்கள் சொன்னதிலிருந்து எனக்குப் புரிவது இது. நான்கு பேர் சேர்ந்து ஒரு மாயநகரத்தை ஒரே கோப்பில் எழுதி வருகிறீர்கள். நீங்கள் ஆசை ஆசையாய் எழுப்பிய மணிக்கூண்டை ஒருவர் இரவோடு இரவாக எடுத்துவிட்டு, 'நம் நகரத்தில் இரும்பே கிடையாது, மணி எங்கிருந்து வந்தது?' என்று ஒரு குறிப்பும் போட்டிருக்கிறார். (மணியை வெண்கலத்தில்தான் வார்ப்பார்கள். செம்பும் வெள்ளீயமும் போதும். அதைக்கூட யோசிக்கவில்லை பாருங்கள் மனிதர்.) உங்களுக்கு இது முதல் முயற்சி, முன்கூட்டி விதி எதுவும் பேசி வைத்திருக்க மாட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நாங்களும் பேசி வைக்கவில்லை.

எங்கள் நகரத்தின் பெயர் ஈரவாயில். ஐந்து பேர், ஏறக்குறைய மூன்று வருடம். வேலை முடிந்து வந்து தூங்கப் போகும் முன் ஆளுக்கு அரைமணி நேரம் எழுதுவோம். ஒருவரிடம் தெய்வங்களும் சபதங்களும், ஒருவரிடம் காவற்படை, ஒருவரிடம் சந்துபொந்துகளும் அங்கே குடியிருக்கும் பேசும் பூனைகளும். பூனைகளை நான் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு கதை. தண்ணீர் என் பொறுப்பு. ஆறு, வாய்க்கால், மதகு, எந்தத் தெருவுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்பது வரை என் கணக்கு. அந்த ஆற்றைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. பகலெல்லாம் மலையிலிருந்து ஏரிக்கு ஓடும். பொழுது சாய்ந்ததும் ஒரு நாழிகை அசையாமல் நிற்கும். அப்புறம் விடியும்வரை ஏரியிலிருந்து மலைக்கு ஓடும்.

ஐந்தாவது ஆள் எங்களில் மூத்தவர். எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் நால்வரும் கோட்டை, சுரங்கம், படைவீடு என்று அள்ளிப் போட்டுக்கொண்டிருக்க, அவர் ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொண்டார். சாயக்காரர் தெரு. மொத்தம் 22 வீடு. மூன்று வருடமும் அந்தத் தெருவைத்தான் எழுதினார்.

ஒரு நாள் இரவு வரைபடத்தைத் துப்புரவாக மறுபடி வரைந்துகொண்டிருந்தேன். கட்டம் போட்ட தாள், பென்சில், ஆற்றுக்கு மட்டும் நீல மை. அப்போதுதான் கண்ணில் பட்டது. ஊரே தண்ணீர் மொள்ளும் படித்துறைக்கு மேலே, மலைப் பக்கம், சாயக்காரர் தெரு. பட்டறைக் கழிவெல்லாம் நேராகக் குடத்துக்குள் வரும்! எனக்குத் தூக்கமே போய்விட்டது. கோப்பைத் திறந்து அந்தத் தெருவை அப்படியே தூக்கி, படித்துறைக்குக் கீழே ஏரிப் பக்கம் வைத்தேன். தெருவின் பெயர் வரும் இடங்களை எல்லாம் தேடித் தேடி 'மேலத் துறை' என்பதைக் 'கீழத் துறை' என்று மாற்றினேன். நாற்பது இடத்துக்கு மேல் இருக்கும். முடித்தபோது மணி இரண்டு. நல்லது செய்துவிட்ட நிம்மதியோடு படுத்தேன்.

மாயநகரத்தில் சாக்கடைக் கணக்கு எதற்கு என்று இங்கே சிலர் கேட்பீர்கள், தெரியும். என் எண்ணம் இதுதான்: டிராகன் பறக்கட்டும், ஆறு திரும்பி ஓடட்டும், ஆனால் ஊருக்குள் இருப்பவர்கள் குடிக்கவும் குளிக்கவும் வேண்டும். நிஜத்திலும் பல பழைய நகரங்களில் தோல் பதனிடுகிறவர்களையும் சாயம் தோய்க்கிறவர்களையும் ஆற்றின் கீழ்ப் பக்கம்தான் வைத்தார்கள். ஆக, நான் ஏதோ திமிரில் செய்யவில்லை. அதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் கோப்புக்குள்ளேயே வரவில்லை. வேலைப்பளு என்று நினைத்தோம். அப்புறம் ஒரு நாள் புதிய பதிவு ஒன்று வந்தது. தலைப்பு 'நீர்க்கணக்கர்'. நிறங்களைக் கண்டால் ஆகாத ஒரு சிறிய அதிகாரி. மெலிந்த உடம்பு, மை படிந்த ஆட்காட்டி விரல். யாருக்கும் சொல்லாமல் ஒரே இரவில் 22 வீடுகளைக் காலி செய்ய ஆணை போட்டுவிட்டு, நிம்மதியாகப் படுக்கப் போகிறார். சாயத்தொட்டிகளை இருட்டில் தோளில் சுமந்து போன பிள்ளைகள், வழியில் சிந்திய நீலத்தை வைத்துத்தான் மறுநாள் தங்கள் பழைய வீடுகளைத் தேடிப் போனார்களாம். ஆண்டுதோறும் அந்த இரவில், தெருவே திரண்டு போய் நீர்க்கணக்கர் வீட்டு வாசலில் ஒரு குடம் சாயத்தைக் கொட்டிவிட்டு வருமாம்.

படித்து முடித்ததும் என் விரலைப் பார்த்துக்கொண்டேன். நீல மை.

எனக்கு ஏறியது கோபம்தான், பொய் சொல்ல மாட்டேன். எல்லோரும் இருக்கும் குழுவில் நீளமாக ஒரு செய்தி எழுதினேன். கீழ்நீர், மேல்நீர் என்று பாடமே நடத்தினேன். அக்காவிடமிருந்து ஒரே வரி வந்தது: "தம்பி, என் தெருவைப் படிச்சியா?"

படிக்கவில்லை. அதுதான் உண்மை. பெயர் வரும் இடங்களைத் தேடி மாற்றினேனே தவிர, பதிவை உட்கார்ந்து ஒரு முறைகூடப் படித்ததில்லை. அன்றைக்குப் படித்தேன். அவுரித் தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி மஞ்சளும் பச்சையுமாகத்தான் இருக்குமாம், காற்றுப் பட்ட பிறகுதான் கண் முன்னே நீலமாகுமாம். (தேடிப் பார்த்தேன், நிஜமாகவே அப்படித்தான்.) அந்தத் தெருவில் துணி அலசுவது இரவில் மட்டும். பெரியவர்கள் முழங்கால் தண்ணீரில் நின்று துணியை உதற, பிள்ளைகள் கரையில் விளக்கோடு நிற்பார்கள். யார் வீட்டுத் துணி முதலில் நீலமாகிறது என்று பந்தயம். சரி, ஏன் இரவில்? இரவில்தானே ஆறு மலைக்கு ஓடுகிறது. மேலத் துறையில் அலசினால் சாயம் படித்துறைப் பக்கமே வராது. என் ஆற்றை, நான் எழுதிய விதியை, என்னைவிடக் கவனமாகப் படித்து, அதை வைத்தே அந்தத் தெருவுக்கு இடம் பார்த்திருக்கிறார். நான் என்ன செய்தேன்? தெருவைக் கீழே கொண்டுவந்து, இரவு முழுக்க ஊர்க் குடத்தில் சாயம் கலக்க வழி செய்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். தெருவைப் பழைய இடத்துக்கே மாற்றித் தருகிறேன் என்றேன். அக்கா விடவில்லை. "நடந்தது நடந்ததுதான். ஜனங்களே திரும்பிப் போகட்டும்" என்றார். அப்புறம் எட்டு மாதம் நாங்கள் ஐவரும் எழுதியதெல்லாம் அந்தத் திரும்பிப் போதலைத்தான். நோய் வந்தது, நீர்க்கணக்கர் மேல் வழக்கு வந்தது, காவற்படை இரண்டாகப் பிரிந்தது. சாட்சி சொன்னது ஒரு பூனை. (வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டேன்.) ஈரவாயிலில் நாங்கள் எழுதியதிலேயே உருப்படியானது அந்தப் பகுதிதான் என்று இன்றும் சொல்வேன்.

இந்தச் சண்டையெல்லாம் புதிதும் கிடையாது. 1826-இல் இங்கிலாந்தில், பின்னாளில் நாவலாசிரியர்களாகப் பேர் வாங்கிய பிரான்டி சகோதரிகளின் வீட்டில், ஒரே பையனான பிரான்வெல்லுக்கு அப்பா 12 பொம்மைச் சிப்பாய்களை வாங்கி வந்தார். அதை வைத்து சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன் நால்வரும் 'கிளாஸ் டவுன்' என்ற கண்ணாடி நகரத்தை உண்டாக்கினார்கள். அதன் கதைகளைப் பொடி எழுத்தில், தீப்பெட்டி அளவுக் கையெழுத்துப் புத்தகங்களாகத் தைத்து வைத்தார்கள். செத்துப்போன பாத்திரங்களை எழுப்பிவிட நால்வருமே அந்த நகரத்துக்குப் பூதங்களாகவும் இருந்தார்கள். அப்படியும் என்ன ஆயிற்று? சின்னவர்கள் எமிலியும் ஆனும் பிரிந்து போய் 'கோண்டால்' என்று தனி உலகம் தொடங்கிவிட்டார்கள். கூடப் பிறந்தவர்களுக்கே அப்படி.

விதி வேண்டும் என்று எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. 'லெக்சிகான்' என்று 2003-இல் வந்த ஒரு விளையாட்டு இருக்கிறது. எல்லோரும் அறிஞர்களாக வேடம் கட்டிக்கொண்டு, இல்லாத உலகத்துக்கு அகர வரிசையில் கலைக்களஞ்சியம் எழுத வேண்டும். சக அறிஞரை எவ்வளவு வேண்டுமானாலும் மட்டம் தட்டலாம், ஆனால் அவர் சொன்ன தகவலை உண்மை என்று ஏற்றாக வேண்டும். தன் பதிவைத் தானே மேற்கோள் காட்டவும் கூடாது. இந்த இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டோம். இரண்டாவதுதான் பெரிய மருந்து. அடுத்தவர் பதிவைச் சுட்ட வேண்டுமானால் முதலில் அதைப் படிக்க வேண்டுமே. 2013-இல் வந்த 'தி கொயட் இயர்' விளையாட்டில், எல்லோரும் சேர்ந்து ஒரு கற்பனை ஊரின் ஒரு வருடத்தை வரைபடமாக வரைய வேண்டும். அந்த வருடத்துக்கு 52 சீட்டுகள், வாரத்துக்கு ஒன்று. ஒருவர் செய்தது பிடிக்கவில்லை என்றால் வாதாட முடியாது, பேசாமல் ஒரு 'அவமதிப்பு வில்லை'யை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும். அதையும் முயன்றோம். இரண்டே வாரத்தில் என் முன்னால் ஏழு வில்லை. கைவிட்டுவிட்டோம்.

இன்னொன்று எங்கள் அக்காவின் யோசனை. சிலப்பதிகாரத்துப் புகாரில் மருவூர்ப்பாக்கம் ஒரு பக்கம், பட்டினப்பாக்கம் ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவே மரநிழலில் நாளங்காடி. எங்கள் வரைபடத்திலும் ஒவ்வொருவர் பகுதிக்கும் இடையே ஒரு அங்காடியை விட்டோம். அவரவர் பகுதியில் அவரவர் அனுமதி இல்லாமல் ஒரு செங்கல்லையும் அசைக்க முடியாது. அங்காடியில் யாரும் எதையும் எழுதலாம், யாரும் அடிக்கலாம். அடிதடியெல்லாம் அங்கேதான். அந்த நடு இடம் இல்லாத நகரத்தில், ஆளுக்கொரு தீவில் உட்கார்ந்து எழுதுவது போலத்தான் ஆகும்.

'யாருடைய எழுத்து' என்ற பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், ஒன்றரை வருடம் உட்கார்ந்து ஒரு வழிகாட்டிக் கையேடு எழுதினேன். முதல் பக்கத்தில் மேலாளர் பெயர் ஏறியது. நான் கேட்டதற்கு, 'இது எல்லோரும் சேர்ந்து செய்ததுதானே' என்று பதில். 'எல்லோரும் சேர்ந்து' என்ற சொல்லைக் கேட்டாலே அன்றிலிருந்து எனக்கு எரியும். கையேட்டில் 14-ஆம் பக்கத்தில் இருந்த தவறு மட்டும் என் பெயரில்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அது கிடக்கட்டும்.

உங்கள் மணிக்கூண்டுக்கு வருவோம். நீக்கலாமா என்றால், இப்போது வேண்டாம் என்பேன். அவர் ஆளாளுக்கு எழுதியதை அழிப்பதையே வழக்கமாக வைத்திருந்தால் வேறு. ஒரு வார்த்தை பேசிப் பார்த்துவிட்டு, ஒத்துவராவிட்டால் அனுப்பிவிடுங்கள். கற்பனை ஊருக்காக யாரும் உயிரை விட வேண்டியதில்லை. ஆனால் கூண்டைப் பழைய பதிப்பிலிருந்து மீட்டு மறுபடி நட்டுவிடாதீர்கள். நட்டால் அவர் மறுபடி பிடுங்குவார். கூண்டு இருந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள். தினமும் அந்த நேரத்துக்கு அங்கே வந்து நின்று, அடிக்காத மணியை எண்ணிவிட்டுப் போகும் ஒரு கிழவியை எழுதிப் பாருங்கள். வெண்கல விஷயத்தையும் மெதுவாக எங்காவது சொருகிவிடுங்கள். அவர் வாய் திறக்க மாட்டார். நான் திறக்கவில்லை.

எங்கள் குழு இடையில் ஒரு வருடம் தூங்கிவிட்டு, இப்போதுதான் மறுபடி கண் திறந்திருக்கிறது. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீராமலே இருந்தது. இரவில் மலைப் பக்கம் போன சாயம், விடிந்து ஆறு திரும்பும்போது படித்துறைக்கே வந்து சேராதா? அக்காவின் பதிவு ஓரத்தில் போன வாரம் இதைக் குறிப்பாகப் போட்டேன். இந்த முறை ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை, சத்தியமாக. நேற்று பதில் வந்திருந்தது.

"முதல் குடத்தை யார் தம்பி குடிக்கச் சொன்னது?"