தங்க நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

கேள்வி: மாப்பிள்ளைக்கு ஐம்பதாவது பிறந்த நாள். நல்ல டெக்கீலா, அந்த மெக்சிகோ மதுவை, வாங்கிக் கொடுக்கலாம் என்று பாட்டில் ஸ்டோருக்குப் போனேன். நீர் மாதிரி வெள்ளையாக ஒன்று, பொன்னிறமாக ஒன்று வைத்திருந்தார்கள். பொன்னிறம்தான் உசத்தியா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: அப்படி இல்லை ஐயா. டர்பனில் கவுண்டருக்குப் பின்னால் நின்ற காலமெல்லாம் இதே கேள்விக்குப் பதில் சொன்னவன் நான், இன்னும் சலிக்கவில்லை. ‘கோல்ட்’ என்று வரும் மலிவுச் சரக்கு பலவற்றில் அந்த நிறம் கருக்கிய சர்க்கரைச் சாயம்தான். பீப்பாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

நிறத்தை விடுங்கள், லேபிளைப் படியுங்கள். ‘100% அகாவே’ என்று போட்டிருக்கிறதா? அப்படியானால் நீல அகாவே என்ற, கற்றாழை போன்ற செடியின் சர்க்கரை ஒன்றையே புளிக்கவைத்து வடித்தது. மெக்சிகோவில், அதற்கென்று வகுத்த பகுதிக்குள்ளேயே பாட்டிலில் அடைத்தது. வெறும் ‘டெக்கீலா’ என்று மட்டும் இருந்தால், சர்க்கரையில் 51 சதவீதம் அகாவேயிலிருந்து வந்தால் சட்டத்துக்குப் போதும். மீதி கரும்பாகவும் இருக்கலாம். கரும்பு விளையும் நேட்டாலில் இருந்துகொண்டு, கரும்புச் சாராயத்துக்கு டெக்கீலா விலை கொடுப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை.

லேபிளில் ‘நோம்’ (NOM) என்று நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். எந்த ஆலையில் வடித்தது என்பதை அது காட்டும். இரண்டு பிராண்டில் ஒரே எண் இருந்தால் இரண்டும் ஒரே ஆலையில் வடித்தவை. விலை ஏன் வேறு என்று கடைக்காரரைத் தாராளமாகக் கேளுங்கள்.

மாப்பிள்ளை விஸ்கி பிரியர் என்றால் ரெப்போசாடோ வாங்குங்கள். குறைந்தது 2 மாதம் மரத்தில் இருந்தது. அன்யெஹோவுக்கு 1 வருடம், எக்ஸ்ட்ரா அன்யெஹோவுக்கு 3 வருடம். என்னைக் கேட்டால் நல்ல பிளாங்கோதான், அதாவது நீர் மாதிரி வெள்ளையாக இருப்பது. மரவாசனை எதையும் மூடி மறைக்காது. ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்து பாருங்கள்: சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாசனை வரும். ஆறேழு வருடம் மண்ணில் வளர்ந்த செடியின் அடித்தண்டை வேகவைத்த வாசனை அது. உப்பும் எலுமிச்சையும் சேர்த்து ஒரே மடக்கில் விழுங்கினால் அந்த வாசனைக்கு நீங்கள் கொடுத்த பணம் வீண்.

கேள்வி: வீட்டில் சைவம், புரட்டாசி விரதமும் உண்டு. டெக்கீலாவில் புழு போடுவார்கள் என்கிறாள் மருமகள். மற்ற மாதங்களில் விருந்தாளிக்கு ஊற்றலாமா?
– வாசகி, டோங்காட்

பதில்: டெக்கீலாவில் புழு கிடையாது அம்மா. புழு மிதப்பது சில மெஸ்கால் பாட்டில்களில்; மெஸ்கால் என்பது அகாவேயில் வடிக்கும் இன்னொரு மெக்சிகோ சாராயம். அகாவே செடியில் வாழும் அந்துப்பூச்சியின் புழு அது; விற்பனைக்காகச் சேர்த்தது, தரத்தின் அடையாளமல்ல. ஆனால் புழு இல்லாத மெஸ்காலிலும் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘பெச்சுகா’ என்று எழுதியிருந்தால், வடிக்கும்போது பானைக்குள் பச்சைக் கோழி நெஞ்சுக்கறியைத் தொங்கவிடுவது அதன் வழக்கம். பாட்டிலைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மெஸ்காலோடு தட்டில் வரும் சிவப்பு உப்பிலும் பல நேரம் வறுத்த புழுவை இடித்துச் சேர்த்திருப்பார்கள். இந்த மூன்றையும் விலக்கினால் போதும். மெஸ்காலின் புகை வாசனைக்குப் பயப்பட வேண்டாம்; மெக்சிகோவின் வஹாக்கா பக்கம் குழி தோண்டி, சூடேறிய கல்லின்மேல் அகாவேயைப் போட்டு மண்ணால் மூடி நாள்கணக்கில் சுடுவதால் வருவது.

கேள்வி: நம் தென்னாப்பிரிக்காவின் வறண்ட கரூவில் விளையும் அகாவேயில் காய்ச்சியது நம் கடைகளில் இருக்கிறது. அதுவும் டெக்கீலாதானே?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: இல்லை தம்பி. டெக்கீலா என்ற பெயர் மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்துக்கும், இன்னும் நான்கு மாநிலங்களில் குறிப்பிட்ட சில வட்டாரங்களுக்கும் மட்டுமே உரியது. செடியும் வேறு. கரூவில் கிராஃப்-ரெய்னெட் பக்கம் வேலியோரம் நிற்கிறதே, கரிங்பூம், அது ‘அகாவே அமெரிக்கானா’. அதுவும் மெக்சிகோவிலிருந்து வந்ததுதான். வேலிக்கும் ஆட்டுத் தீவனத்துக்கும் நட்டார்கள். வாழ்நாளில் ஒரே முறை பூத்துவிட்டுச் சாகும். பூத்தண்டு எழும்பினால் சர்க்கரை மேலே ஏறிவிடும், அதற்கு முன் வெட்ட வேண்டும். டெக்கீலா என்ற பெயர் அதற்கு உரியதல்ல என்பதால் லேபிளில் ‘அகாவே ஸ்பிரிட்’ என்றுதான் இருக்கும். நான் அதை விரும்பியே வாங்குகிறேன். டெக்கீலாவுக்குப் பதிலாக அல்ல, கரூ மண்ணின் சரக்காக.