தாழ்த்திய மஸ்டாங் துள்ளுகிறது: காயில்ஓவர் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 2017ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஜிடி இருக்கிறது, 60,000 மைல் ஓடியிருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு கடையில் ஸ்பிரிங்குகளை மட்டும் மாற்றி ஓர் அங்குலம் தாழ்த்தினேன். 18 அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு 20 அங்குலச் சக்கரங்களும் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து பாலத்தின் இணைப்புகளைக் கடக்கும்போதெல்லாம் முதுகில் அடி விழுகிறது. நெடுஞ்சாலையில் மேடு வந்தால் காரின் பின்பகுதி இரண்டு மூன்று முறை எழும்பித்தான் அடங்குகிறது. காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த, உயரத்தை மாற்றக்கூடிய தொகுப்பு), தடித்த ஆன்டி ரோல் பார், ரப்பருக்குப் பதிலாக மூட்டுகளில் போடும் கடினமான பாலியூரித்தேன் புஷ் எல்லாம் சேர்ந்த 'ஸ்டேஜ் 2 கிட்' போட்டால் சரியாகிவிடும் என்று அதே கடைக்காரர் சொல்கிறார். போடலாமா?

பதில்: போட வேண்டாம். ஸ்பிரிங்கை மாற்றும்போது செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டவரே, அந்தக் குறையைக் காட்டி அடுத்த பொருளை விற்கப் பார்க்கிறார் என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. நீங்கள் சொல்லும் தொல்லைகள் இரண்டு. இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. இரண்டையும் 'ரைடு சரியில்லை' என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டுவதால்தான் கிட் விற்பவர்களுக்கு வழி பிறக்கிறது.

முதலில் பின்பகுதி எழும்பி அடங்குவதைப் பார்ப்போம். காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் மீண்டும் விரியும்போது அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்துவது ஷாக் அப்சார்பர். தாழ்த்தும் ஸ்பிரிங்குகள் அசலைவிடக் கடினமாக இருக்கும். இல்லாவிட்டால் கார் அடியில் தட்டும். ஸ்பிரிங்கின் கடினம் 30 சதவீதம் கூடினால், அதை அதே அளவுக்கு அடக்க ஷாக்கின் பிடிப்பு ஏறத்தாழ 14 சதவீதம் கூட வேண்டும். உங்கள் காரில் இருப்பதோ அசல் ஸ்பிரிங்குக்கென்று அளந்து செய்த ஷாக். அதுவும் 60,000 மைல் உழைத்துக் களைத்தது. வலிமை கூடிய ஸ்பிரிங்கை வலிமை குறைந்த ஷாக்கின் கையில் ஒப்படைத்திருக்கிறார்கள். அது துள்ளாமல் வேறென்ன செய்யும்? இதற்குத் தேவை, தாழ்த்திய ஸ்பிரிங்குக்கு ஏற்றதென்று தயாரிப்பாளரே குறிப்பிடும் நல்ல ஷாக்குகள் நான்கு. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவதென்பது பாதி வேலைக்கு முழுப் பணம் கொடுப்பது. ஷாக்கை மட்டும் மாற்றி, அசல் ஸ்பிரிங்கையே வைத்துக்கொண்டவர்கள்தான் பெரும்பாலும் நிறைவோடு திரும்பிப் போகிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

முதுகில் விழும் அடி வேறு கதை. சக்கரம் மேலே எழ இருந்த இடத்தில் ஓர் அங்குலத்தை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். அந்தப் பாதையின் முடிவில் பம்ப் ஸ்டாப் என்ற மெத்தென்ற ஒரு தடை இருக்கிறது. முன்பு பெரிய பள்ளத்தில் மட்டும் அதைத் தொட்ட கார், இப்போது பாலத்தின் சிறு இணைப்பிலேயே அதன்மேல் போய் உட்காருகிறது. ஷாக்கின் தூசி உறையை விலக்கி, தண்டின்மேல் ஒரு ஜிப் டையை (பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை) கட்டி, வழக்கமாகப் போகும் சாலையில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள்; அது பம்ப் ஸ்டாப் வரை தள்ளப்பட்டிருந்தால் உங்கள் கார் ஸ்பிரிங்கின் மேல் ஓடவில்லை, தடையின் மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தடையைப் பாதியாக அறுத்துவிடும் கடைகளும் உண்டு. அனுமதிக்காதீர்கள், அறுத்த பிறகு இரும்போடு இரும்பு மோதக்கூடும்.

இதோடு டயரும் சேர்கிறது. உங்கள் காருக்குத் தொழிற்சாலை கொடுத்த 235/50 அளவுள்ள 18 அங்குல டயரின் பக்கச்சுவர் ஏறத்தாழ 117 மில்லிமீட்டர் உயரம். 20 அங்குலச் சக்கரத்தில் பலரும் போடும் 255/35 டயரில் அது 89 மில்லிமீட்டர்தான். சாலையின் கூர்மையான அடியை முதலில் வாங்கிக்கொள்ளும் ரப்பரும் காற்றும் 28 மில்லிமீட்டர் குறைந்துவிட்டன. ஸ்பிரிங்கில் நீங்கள் இழந்ததைவிட இது அதிகம். பெரிய சக்கரம் பெரும்பாலும் கனமாகவும் இருக்கும். கனமான சக்கரம் மேட்டில் எழுந்தால் அடக்குவது கடினம். பழைய 18 அங்குலச் சக்கரங்களை நீங்கள் விற்றுவிடவில்லை என்றால், வேறெதையும் தொடுவதற்கு முன் ஒரு வாரம் அவற்றை மாட்டி ஓட்டிப் பாருங்கள். காற்றழுத்தத்தை டயரின் பக்கத்தில் அச்சிட்ட உச்ச அளவைப் பார்த்து நிரப்பாமல், ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்து, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் நான் பார்க்கும் தாழ்த்திய கார்களில் மிக அதிகமாகக் கைவிடப்படும் வேலை. இதற்கு எந்தப் பொருளும் வாங்க வேண்டியதில்லை. ஆகவேதான் யாரும் இதைப் பற்றி உங்களிடம் பேசுவதில்லை. சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கைகளின் முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ் சுழலும் உறுப்பு அன்று. உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒன்று, நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உட்குழாய் அசையாமல் பிடிக்கப்பட, கை மேலும் கீழும் போகும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்கிறது. கார் லிஃப்டில் நின்று சக்கரங்கள் தொங்கும்போது அந்தப் போல்ட்டுகளை இறுக்கிவிட்டால், காரைத் தரையில் இறக்கிய கணத்திலேயே, ஈரத்துணியைப் பிழிந்து பிடித்தது போல ரப்பர் முழுதும் முறுக்கேறிவிடும். பிறகு ஒவ்வொரு மேட்டிலும் அது உங்களுக்குத் தெரியாத இன்னொரு ஸ்பிரிங்காக நின்று எதிர்க்கும், சில காலத்தில் கிழிந்தும் போகும். தொழிற்சாலையில் இறுக்கிய போல்ட்டுகளைக் கடைக்காரர் தொடவே இல்லை என்றாலும் விடுதலை இல்லை. அவை பழைய உயரத்தில் இறுக்கப்பட்டவை, கார் இப்போது ஓர் அங்குலம் கீழே நிற்கிறது. செய்ய வேண்டியது இதுதான்: சக்கரங்களின் மேல் காரின் முழு எடையும் இருக்கும்படி, கார் ஏறி நிற்கும் மட்டமான மேடையில் நிறுத்தி, ரப்பர் புஷ் உள்ள ஒவ்வொரு போல்ட்டையும் தளர்த்தி, காரை இரண்டு முறை அமுக்கி விட்டு, தயாரிப்பாளர் சொன்ன முறுக்குவிசையில் மறுபடி இறுக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்குப் பிறகு 'வேறு கார் போல இருக்கிறது' என்று சொன்னவர்களை நான் அறிவேன்.

கிட்டில் மீதியுள்ள பொருள்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தடித்த ஆன்டி ரோல் பார் வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது மறு சக்கரத்தையும் இழுப்பதால் தலை பக்கவாட்டில் ஆடும். உங்கள் குறை வளைவைப் பற்றியது அன்று. கைகளில் பாலியூரித்தேன் புஷ் போட்டால் கீச்சொலியும் விறைப்பும்தான் மிச்சம். விலை குறைந்த காயில்ஓவர்களில் '32 கிளிக்' (பிடிப்பை மாற்றும் திருகில் 32 படிகள்) என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். அவற்றில் பலவற்றில் ஒரே திருகு அமுங்கும் பிடிப்பையும் விரியும் பிடிப்பையும் சேர்த்தே மாற்றுகிறது, எந்தக் கிளிக்கில் எவ்வளவு விசை என்ற வரைபடத்தைப் பெரும்பாலும் தருவதில்லை. 'ஸ்டேஜ் 1', 'ஸ்டேஜ் 2' என்ற சொற்களுக்கு எந்தப் பொறியியல் பொருளும் கிடையாது. அவை விலைப்பட்டியலின் படிகள். இன்னொன்று: 2005 முதல் 2014 வரை வந்த மஸ்டாங்குகளில் பின்புறம் ஒரே திண்மையான அச்சு இருந்தது. 2015 முதல் இரு பின்சக்கரங்களும் தனித்தனியே அசைகின்றன. பழைய அச்சுக்குச் சொன்ன ஆலோசனைகளை இன்றும் உங்கள் காருக்குச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் 'பன்ஹார்ட் பார்' (திண்மையான அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் தண்டு) என்று தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு விலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதில் ஏமாந்தவர்கள் பலர். மேக்னரைடு என்ற காந்த ஷாக் உள்ள கார்களுக்கு மேலே சொன்ன ஷாக் ஆலோசனை அப்படியே பொருந்தாது. அந்த ஷாக்கில் இருக்கும் எண்ணெயில் நுண்ணிய இரும்புத் துகள்கள் மிதக்கின்றன. மின்சாரம் பாய்ந்ததும் அவை அணிவகுத்து எண்ணெயின் ஓட்டத்தைத் தடுக்க, பிடிப்பு நொடிக்குள் பலமுறை மாறுகிறது. 2002இல் கேடிலாக் செவில் எஸ்டிஎஸ் காரில் முதன்முதலாக வந்த இந்த முறை, சாதாரண மஸ்டாங் ஜிடியில் 2018 மாடலிலிருந்துதான் விருப்பத் தேர்வாகக் கிடைத்தது. ஆகவே உங்கள் 2017 காரில் அது இல்லை. ஆனால் பழைய கார் விற்பவர்கள், டாஷ்போர்டின் நடுவில் 'ஸ்போர்ட்', 'டிராக்' என்று மாற்றும் சுவிட்சைத் தட்டிக் காட்டி, 'இது மாறும் சஸ்பென்ஷன்' என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். 2015 முதல் 2017 வரையிலான ஜிடியில் அந்தச் சுவிட்சுகள் ஸ்டீயரிங்கின் கனம், ஆக்சிலரேட்டரின் வேகம், சறுக்கல் கட்டுப்பாடு ஆகியவற்றையே மாற்றும். ஷாக்கைத் தொடுவதே இல்லை. உண்மையை அறிய ஷாக்கைப் பார்க்க வேண்டும்: அதற்கு மின்கம்பி போனால் காந்த ஷாக், போகாவிட்டால் இல்லை. இருப்பவர்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு மலிவான காயில்ஓவர் போடக் கூடாது. எச்சரிக்கை விளக்கு எரியும், அதை அணைக்கத் தனியே ஒரு கருவி விற்பார்கள், இறுதியில் இருந்ததைவிட மோசமான ஷாக்குக்கு இருமுறை பணம் கொடுத்திருப்பீர்கள். தாழ்த்தியே தீர வேண்டும் என்றால் அந்த ஷாக்கோடு சேர்ந்து இயங்கும் என்று தயாரிப்பாளர் உறுதி சொல்லும் ஸ்பிரிங்கை மட்டும் போட்டு, காரின் உயரத்தை அளக்கும் உணரி இருந்தால் அதையும் புதிய உயரத்துக்குச் சரிசெய்ய வேண்டும்.

இவ்வளவையும் வாங்குபவரே தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது எனக்குக் கோபமூட்டுகிறது. ஒரு டயரை விற்க வேண்டுமானால் தேய்மானம், பிடிப்பு, வெப்பம் என்ற மூன்று தரங்களையும் பொறிக்க வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி விதி கேட்கிறது. அந்த டயரைத் தரையோடு பிடித்து வைக்கும் ஸ்பிரிங்குக்கும் ஷாக்குக்கும் அப்படியொரு தரக்குறியீடு இல்லை. எத்தனை அங்குலம் இறங்கும் என்று பெட்டியில் பெரிதாக எழுதுபவர்களில் பலர், எவ்வளவு கடினம் என்று எழுத மறந்துவிடுகிறார்கள். வீல் அலைன்மென்ட் தாளும் அப்படித்தான். எண்கள் எல்லாம் பச்சை நிறத்தில் இருந்தால் சரி என்று கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தப் பச்சை எல்லை அகலமானது, இடது சக்கரம் ஒரு கோடியிலும் வலது சக்கரம் மறுகோடியிலும் இருந்தாலும் பச்சையாகத்தான் தெரியும். தாழ்த்திய காரில் சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்வதும், டோ என்ற முன்நோக்குக் கோணம் மாறுவதும் இயல்பு. டயரின் உள்விளிம்பை விரைவாகத் தின்பது டோதான். நிறத்தைப் பார்க்காமல் இடமும் வலமும் ஒரே எண்ணா என்று கேளுங்கள்.

ஆகவே காற்றழுத்தத்தையும் பழைய சக்கரங்களையும் முதலில் சோதியுங்கள். அடுத்து, வேறொரு கடையில் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி, நிற்கும் உயரத்தில் இறுக்கச் சொல்லுங்கள். பிறகு ஜிப் டை சோதனை. கார் இன்னும் தடையில் உட்கார்ந்தால், நான்கு புதிய ஷாக்குகளோடு அசல் உயரத்து ஸ்பிரிங்குக்கே திரும்பிவிடுங்கள். உட்காராவிட்டால் இப்போதிருக்கும் ஸ்பிரிங்குக்கேற்ற ஷாக் மட்டும் போதும். ஷாக் மாற்றும்போது ஷாக்கைக் காரின் உடலோடு பொருத்தும் மேல் மவுண்டுகளையும் பம்ப் ஸ்டாப்புகளையும் சேர்த்தே மாற்றுங்கள். அதே கூலியில் முடிந்துவிடும். கடைசியாக அலைன்மென்ட். பணம் கொடுப்பதற்கு முன், 'எல்லாப் புஷ் போல்ட்டுகளும் கார் தன் சக்கரங்களில் நிற்கும்போது இறுக்கப்பட்டன' என்ற வரியை ரசீதில் எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், அந்த வேலையைச் செய்யாமல் விட்டிருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டு, காரை லிஃப்டிலிருந்து இறக்கி உங்கள் கண்முன்னே இறுக்கச் சொல்லுங்கள்.