பொண்ணுக்கு சிரின்னு பேர் வைக்கலாமா?

வணக்கங்க, ஆஸ்லோல பொறக்கப் போற உங்க பொண்ணுக்கு நார்வேக்கார மாமியார் 'சிரி'ன்னு வைக்கச் சொல்றாங்க, மத்த நாட்டுல எப்படி எடுத்துப்பாங்கன்னு கேட்டிருந்தீங்க. நார்வே, ஸ்வீடன்ல அது சிக்ரிட்ங்கிற பழைய பேரோட சுருக்கம், வெற்றி அழகு ரெண்டும் சேர்ந்த அர்த்தம், அங்க சாதாரணப் பேருதான். தொல்லை வெளியதான், 2011ல ஐபோன் 4எஸ்ல கேட்ட கேள்விக்குப் பேசிப் பதில் சொல்ற குரல் உதவியாளருக்கு ஆப்பிள் அதே பேரை வச்சதுலேர்ந்து அமெரிக்கா, இங்கிலாந்து பக்கம் பேரைச் சொன்னதுமே போன் ஞாபகம்தான் வரும், ஸ்கூல்ல பசங்க "சிரி, இன்னிக்கு மழை வருமா"ன்னு நச்சரிப்பாங்க, நமக்கு அது சின்ன விஷயம், ஆறு வயசுப் புள்ளைக்கு அப்படி இல்லங்க. ஜப்பான்ல அந்த ஒலிக்குப் பின்பக்கம்னு அர்த்தம், அங்க குடியேறலன்னா விட்டுடுங்க. சுவாஹிலில ரகசியம், சிங்களத்துல ஸ்ரீ. நம்ம தமிழ்லதான் எவ்ளோ அழகா அமையுது பாருங்க, கூப்பிடும்போதெல்லாம் சிரின்னு சொன்ன மாதிரி! ஆனா நார்வேல முதல் எழுத்தை இழுத்து சீரின்னு சொல்லுவாங்க, ஊர்ல பாட்டி காதுல சீறின்னு விழலாம், முன்னாடியே சொல்லி வைங்க. இங்கிலீஷ் பேசுற நாட்டுக்குப் போற எண்ணம் இருந்தா நான் சிக்ரிட்னு பதிஞ்சுட்டு வீட்ல மட்டும் சிரின்னு கூப்பிடுவேன்.